பாயோடு ஒட்டும் மருந்து

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே போனால், காத்தான்குடியைத் தாண்டியதும் ஆரையம்பதி. மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவே ஒடுங்கிய மணல்நிலம். ஆரைப்பற்றை என்பது ஊரின் பழைய பெயர். கண்ணகி அம்மனும் கந்தசுவாமியும் கோயில் கொண்ட இந்த ஊரைப் பற்றியும், வாவிக் கரையோரம் நீளும் இதன் அயலூர்களைப் பற்றியும் வடக்கே நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. மட்டக்களப்புக்குப் போகிறவன் கவனமாயிருக்க வேண்டும், பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பார்கள். உத்தியோகத்துக்கோ வியாபாரத்துக்கோ போன இளைஞனுக்கு அங்குள்ள பெண் சோற்றில் மருந்து போடுகிறாள்; அதைத் தின்றவன் தாயை மறக்கிறான், ஊரை மறக்கிறான், விரித்த பாயை விட்டு எழும்ப மாட்டான் என்பது கதை. சொல்பவரும் கேட்பவரும் சிரித்துக்கொண்டே பரிமாறும் பேச்சு இது. ஆனால் சிரிப்பை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது ஒரு நஞ்சுக் குற்றச்சாட்டு. உண்ணும் சோறு, பரிமாறும் பெண், கண்ணுக்குத் தெரியாத பொருள், தன் வசமிழந்த ஆண் என்று உலகமெங்கும் நஞ்சுக் கதைகளில் வரும் உறுப்புகள் எல்லாம் இதில் இருக்கின்றன. கொலை மட்டுந்தான் இல்லை. நஞ்சிட்டுக் கொல்பவர்களின் வரலாற்றையும் மனத்தையும் இந்த இடத்திலிருந்து பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. நஞ்சிடுபவர் என்று ஒரு சமூகம் யாரைச் சுட்டுகிறது என்பது ஒன்று, உண்மையில் யார் நஞ்சிடுகிறார்கள் என்பது வேறொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை இந்தச் சிறு பேச்சு நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது.

முதலில் மருந்து என்ற சொல். தமிழில் நோய் தீர்ப்பதற்கும் மருந்து, பயிருக்கு அடிக்கும் நஞ்சுக்கும் மருந்து, மனத்தை மயக்கச் சோற்றில் கலப்பதாகச் சொல்லப்படுவதற்கும் மருந்துதான். இந்த மூன்றாவதற்கு இடுமருந்து என்று தனிப்பெயரே உண்டு; அதை முறிப்பதாகச் சொல்லும் வைத்தியமும் உண்டு. மட்டக்களப்புப் பகுதியில் பாம்புக்கடிக்கு விசகடி வைத்தியரிடமும் மற்ற நோவுகளுக்குப் பரிசாரியிடமும் போவது ஊர் வழக்கம். ஓதிய தண்ணீரும் வேரும் குளிகையும் பல வேளை ஒரே கையிலிருந்து வரும். குணப்படுத்தத் தெரிந்த கைக்குக் கெடுக்கவும் தெரியும் என்ற ஐயம் மனிதருக்கு எங்கும் உண்டு. ஐரோப்பாவில் மருத்துவச்சிகள் மீதும் அதே ஐயம் விழுந்தது. ஆனால் இந்தப் பொதுவான ஐயம் ஏன் மட்டக்களப்பின் மீது மட்டும் இப்படி ஒட்டிக்கொண்டது? வைத்தியமும் மாந்திரீகமும் இல்லாத தமிழூர் எது? யாழ்ப்பாணத்தில் இல்லையா, தஞ்சாவூரில் இல்லையா? ஆகவே விடையை மருந்துப் பெட்டிக்குள் தேடிப் பயனில்லை. அதை வீட்டு உறுதியில் தேட வேண்டும்.

மட்டக்களப்பின் குடிவழக்கம் தாய்வழிப்பட்டது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். கோயிலில் வண்ணக்கர் என்னும் பொறுப்பாளர் பதவியும் மரியாதைகளும் குடிகளை வைத்தே கணிக்கப்படும். மகளுக்கு வீடும் வளவும் வயலும் சீதனமாகப் போகும். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். அடுத்த மகளுக்கு வீடு வேண்டுமென்றால் பெற்றோர் அதே வளவில் வேறொரு வீட்டுக்கு ஒதுங்குவார்கள். ஆரையம்பதித் தமிழரிடம் மட்டுமில்லை, வேலியடுத்த காத்தான்குடி முஸ்லிம்களிடமும் இதே ஒழுங்குதான். சொத்து தாய்வழியே மருமக்களுக்கு இறங்கும் பழைய முக்குவர் சட்டத்தைப் பிரிட்டோ என்பவர் நூலாக்கி வெளியிட்டது 1876ல். அதே ஆண்டில் வந்த மண உரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் அந்தச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. சட்டம் போயிற்று, வழக்கம் போகவில்லை. வீடு பெண்ணின் பெயரிலேயே நின்றது. தமிழ்நாட்டில் வீட்டோடு மாப்பிள்ளை என்பது ஏளனப் பேச்சு. வாவிக்கரையில் மாப்பிள்ளை என்றாலே வீட்டோடுதான். அதைச் சொல்லத் தனிச்சொல் தேவைப்படவில்லை. இப்படி ஓர் ஊரில் கல்யாணம் செய்த வெளியூர் ஆண் திரும்பிப் போகாததற்கு மருந்து எதற்கு? அங்கே கல்யாணம் என்பதே வந்து தங்குவதுதான்.

யாழ்ப்பாணத்திலும் சீதன வீடு உண்டே, அங்கும் மாப்பிள்ளை பெண்ணின் வளவில் குடியேறுவது வழமைதானே, அப்படியானால் மட்டக்களப்பு வழக்கம் அவர்களுக்கு ஏன் விசித்திரமாகப் பட வேண்டும் என்று ஒருவர் மறிக்கலாம். நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டத்தை ஒல்லாந்தர் 1707ல் தொகுத்தபோதே பெண்ணின் சீதனம் அதில் தெளிவாக இருக்கிறது. வேறுபாடு வழக்கத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போனாலும் பெரும்பாலும் சொந்தத்துக்குள்ளேயே போகிறான். தாய் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும். அவனுடைய சம்பளமும், அவன் கல்யாணத்தில் பெண் வீட்டார் தரும் நன்கொடைப் பணமும் அவன் சகோதரிகளின் சீதனத்துக்குத் திரும்பும் என்பது குடும்பத்தின் எதிர்பார்ப்பு. ஆங்கிலேயர் காலத்தில் ஆசிரியராக, எழுதுவினைஞராக, கடைக்காரராகக் கிழக்கே போனவன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டால் அந்தக் கணக்கு முழுவதும் பிசகிவிடும். மகன் போனான், சம்பளம் போயிற்று, நன்கொடை வரவில்லை, மூன்று குமர்கள் வீட்டில். அவன் தானாக விரும்பித் தங்கினான் என்று தாய் ஒப்புக்கொண்டால், எங்களை விட அவளைப் பெரிதாக எண்ணினான் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். மருந்து போட்டுவிட்டாள் என்றால் மகன் குற்றமற்றவன் ஆகிறான், குடும்ப மானமும் காக்கப்படுகிறது. பழி முழுவதும் முகமறியாத ஒரு பெண்ணின் கறிச்சட்டிக்குள் போய்விடுகிறது. நஞ்சுக் குற்றச்சாட்டு செய்யும் வேலை பல இடங்களில் இதுதான்: விரும்பாத ஓர் இழப்புக்கு விருப்பமான ஒரு காரணம் தருவது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மாந்திரீகப் பெயர் வெளியார் கட்டிவிட்ட பெயர் மட்டுமில்லை. மட்டக்களப்பார் தாமே அதை நம்புகிறார்கள், சிலர் அதில் பெருமையும் கொள்கிறார்கள். ஊருக்குள்ளேயும் சூனியம், செய்வினை, கழிப்பு என்று பேச்சு ஓயாது. ஒரே வளவுக்குள் இரண்டு குடும்பங்கள் ஒன்றை ஒன்று சந்தேகிப்பதும் உண்டு. உண்மை. ஆனால் இது எதைக் காட்டுகிறது? அச்சமூட்டும் பெயர் எளியவர்களுக்கு ஒரு கேடயம். நிர்வாகமும் கல்வியும் வேறிடத்தவர் கையில் இருக்கும்போது, இவர்களோடு விளையாடக் கூடாது என்ற பயம் எதிராளியின் மனத்தில் இருப்பது இலாபந்தான். அதை மறுக்க யாரும் அவசரப்பட மாட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் மறுக்கவில்லை என்பதே குற்றத்துக்குச் சான்றாகாது. ஊருக்குள் எழும் செய்வினைப் பேச்சும், பாகப்பிரிவினை, வரம்புத் தகராறு, கல்யாண முறிவு என்று ஏற்கெனவே உடைந்த உறவுகளைச் சுற்றியே எழுகிறது. அங்கும் மருந்து, சண்டைக்குப் பின்னால் வரும் விளக்கமே.

இனி மற்றப் பக்கம். உண்மையில் நஞ்சிட்டுக் கொன்று, நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள் யார்? கடன் தொல்லையில் சிக்கி, குதிரைப் பந்தய நண்பனைக் கொன்றதற்காக 1856ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டில் தூக்கிலிடப்பட்ட வில்லியம் பாமர் ஒரு வைத்தியர். இலண்டனில் ஏழைப் பெண்களுக்கு நஞ்சு கொடுத்து 1892ல் தூக்கிலேறிய தாமஸ் நீல் கிரீமும் வைத்தியர். தன்னை நம்பி வந்த முதியவர்களைக் கொன்ற ஹரோல்ட் ஷிப்மனும் வைத்தியர். 2000ஆம் ஆண்டு 15 கொலைகளுக்குத் தண்டனை பெற்றார், பின்வந்த விசாரணை ஆணைக்குழு அவரால் இறந்தவர்கள் என்று 215 பேரை அடையாளம் கண்டது. கர்நாடகத்தில் கல்யாண ஆசை காட்டி இளம்பெண்களை அழைத்துப்போய்ச் சயனைட் கொடுத்துக் கொன்ற மோகன் குமார், 2013ல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவர், ஒரு பள்ளி ஆசிரியர். இவர்களில் எவரும் ஊர் சந்தேகிக்கும் அந்நியரில்லை. மந்திரம் ஓதும் கிழவியுமில்லை. ஊர் மதிக்கும் தொழில், மரியாதையான பேச்சு, அருகில் வரக் கேட்காமலே கிடைத்த அனுமதி ஆகியவையே இவர்களின் கருவிகள். நஞ்சு எங்கும் கிடைக்கும். நம்பிக்கைதான் எல்லாருக்கும் கிடைக்காது.

இவர்களின் மனநிலை பற்றி ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் காணும் சில குணங்கள் உண்டு. கத்தியை எடுப்பவன் கோபத்தின் ஒரு நொடியில் எடுக்கலாம். நஞ்சு அப்படிப்பட்டதில்லை, திட்டமிட வேண்டும், காத்திருக்க வேண்டும், நோயில் கிடப்பவரின் தலைமாட்டில் கவலை முகத்தோடு உட்கார வேண்டும். துன்பத்தைக் கண்டும் அசையாத குளிர்ச்சியும், பிறர் வாழ்வு தன் கைப்பிடியில் இருக்கிறது என்ற அந்தரங்க மகிழ்ச்சியும், தான் பிடிபட மாட்டோம் என்ற செருக்கும் இதற்குத் தேவை. 14 வயதில், 1962ல், குடும்பத்தாருக்கே நஞ்சு கொடுத்துப் பிடிபட்ட கிரஹாம் யங் என்ற ஆங்கிலேயன், விடுதலையான பின் வேலைத்தலத்தில் உடன் வேலை செய்தவர்களுக்குத் தேநீரில் நஞ்சு கலந்தான். அவர்கள் எப்படி நோயுற்றார்கள் என்பதை நாட்குறிப்பில் எழுதியும் வைத்தான். முதல் முறை தப்பியவர் மறுமுறையும் செய்கிறார். அந்த மறுமுறையே பெரும்பாலும் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. இந்தக் குணச்சித்திரத்தைப் பாயோடு ஒட்டும் கதையின் பெண்ணோடு வைத்துப் பார்த்தால் எதுவும் பொருந்தாது. அவள் அழிக்க வரவில்லை. ஒருவனைத் தன் வீட்டில் வைத்திருக்க விரும்புகிறாள். அவனோடு பிள்ளை பெற்று, நாற்பது வருடம் குடும்பம் நடத்துகிறாள். கொலைகாரி என்று சொல்ல வாய் வராததால்தான் கதை அவளை மருந்துக்காரி ஆக்கியது.

பெண்கள் நஞ்சிடவே இல்லையா என்ற கேள்வி அடுத்து வரும். நஞ்சு பெண்ணின் ஆயுதம் என்பது பழைய வாக்கு. அதற்கு இலங்கையிலேயே மூத்த சான்று அநுலா. கி.மு. 47 முதல் 42 வரையான அநுராதபுரக் குழப்பத்தில் கணவனையும், பின் அரியணையில் ஏற்றிய காதலர்களையும் ஒருவர்பின் ஒருவராக நஞ்சிட்டு, கடைசியில் தானே அரசாண்டாள் என்கிறது மகாவம்சம். அந்தக் காதலர்களில் இருவரைத் தமிழர் என்றும் அது குறித்துவைக்கிறது. அநுலா நஞ்சிட்டிருக்கலாம், மறுக்க நம்மிடம் காரணமில்லை. ஆனால் அதை எழுதியவர் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு கழித்து எழுதிய ஒரு பிக்கு என்பதை மறக்கலாகாது. அதே மண்ணில் தந்தையைக் கொன்று ஆட்சி பிடித்த காசியப்பனும் இருக்கிறான். அவனால் ஆண்கள் தந்தையைக் கொல்லும் இனம் ஆகிவிடவில்லை, அவன் கட்டிய சிகிரியாவுக்கு நுழைவுச்சீட்டு விற்கிறோம். அநுலா மட்டும் ஒரு வகைமாதிரி ஆனாள். இன்னொரு சான்று ஹங்கேரியின் நாகிரேவ் கிராமம்: கணவர்களுக்கும் உறவினர்களுக்கும் பெண்கள் நஞ்சிட்ட செய்தி 1929ல் வெளிவந்து வழக்குகள் நடந்தன. பெற்றோர் முடிவுசெய்த கல்யாணம், அடி உதை, விட்டு விலக வழியில்லாத வாழ்வு ஆகியவை அந்தக் கொலைகளின் பின்னணி. குற்றத்தை அது நியாயப்படுத்தாது. ஆனால் பெண்கள் எப்போது நஞ்சைத் தேடுகிறார்கள் என்பதற்கு ஒரு குறிப்புத் தரும். வாசல் பூட்டிய வீட்டில்தான் நஞ்சுக்கு வேலை. வீடும் வளவும் தன் பெயரில் இருக்கிற, தாயும் தமக்கையும் பக்கத்து வளவில் இருக்கிற வாவிக்கரைப் பெண்ணுக்குப் பிடிக்காத கணவனை வெளியே போகச் சொல்லும் நிலை மற்ற இடத்துப் பெண்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. நஞ்சிடக் குறைந்த காரணம் உள்ளவள் மீதே நஞ்சுப் பெயர் விழுந்தது என்பது இந்த வரலாற்றின் முரண்.

நஞ்சிடுபவரை வீட்டுக்குள்ளேயே தேட வேண்டும் என்பது அரசியலைக் கசடறக் கற்ற கௌடில்யருக்குத் தெரிந்திருந்தது. அரசனின் தற்காப்பைப் பேசும் இடத்தில் அர்த்தசாஸ்திரம் சந்தேகிக்கச் சொல்வது அயல்நாட்டானை விட அரசியரையும் இளவரசரையும் மடைப்பள்ளியாரையும்தான். அரசனுக்கு முன் சமையற்காரன் உண்ண வேண்டும், உணவை நெருப்பிலும் பறவைகளிடத்தும் சோதிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. மாறாக நம் பழந்தமிழ் மரபு, நண்பர் ஊற்றுவது நஞ்சென்று கண்டும் முகம் முறியாமல் உண்பதை நாகரிகத்தின் உச்சமாகக் கண்டது. குறளிலும் நற்றிணையிலும் இக்கருத்து உண்டு. ஒன்று எச்சரிக்கை, மற்றது கண்ணோட்டம், இரண்டும் எதிரெதிர். ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: நஞ்சு நெருங்கியவர் கையிலிருந்து வரும். இந்த உண்மையோடு வாழ்வது கடினம். மனைவியை, மகனை, வைத்தியரைச் சந்தேகித்துக்கொண்டு யாரும் ஒருவேளைச் சோறுகூட நிம்மதியாகத் தின்ன முடியாது. அதனால்தான் சமூகங்கள் அந்தப் பயத்தை வீட்டுக்கு வெளியே அனுப்பிவிடுகின்றன என்று நினைக்கிறேன். பக்கத்து ஊரான், வேற்றுச் சாதியான், வேற்று மதத்தான் என்று அது போய்த் தங்க இடம் கிடைக்கிறது.

அப்படிப் போய்த் தங்கிய வரலாறு நீண்டது. பிரான்சில் 1321ல் தொழுநோயாளர் கிணறுகளில் நஞ்சிட்டதாகச் சொல்லிக் கொளுத்தினார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் அதே பழி யூதர்மீது விழுந்து, 1349 பெப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நூற்றுக்கணக்கானோர் எரிக்கப்பட்டனர். தமிழிலும் அப்பருக்குச் சமணர் பாற்சோற்றில் நஞ்சிட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது; அப்பருக்கு ஐந்நூறு ஆண்டு பிந்திய சைவ நூல் சமணரைப் பற்றிச் சொல்வது அது. ஆங்கிலேயர் ஆண்ட வட இந்தியாவில் மாடுகள் செத்தால், செத்த மாட்டின் தோலுக்கு உரிமையுள்ள சாமர் சாதியினரே நஞ்சு வைத்தார்கள் என்று அதிகாரிகள் எழுதினார்கள். மாடுகளைக் கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு போகும் கொள்ளைநோயும் அதே காலத்தில் நடமாடியது. இந்தப் பட்டியலில் பாயோடு ஒட்டும் கதை மிகச் சாதுவானது. அதற்காக யாரையும் எரித்ததில்லை. ஆனால் அச்சு ஒன்றே. ஒருவர் கெட்ட செயலைச் செய்தார் என்பதற்கு அவர் யார் என்பதே சான்றாகிவிடுகிறது.

இந்த அச்சை முதலில் முறித்தது இரசாயனம். நஞ்சு வழக்கொன்றில் தன் சோதனை தோற்றதைக் கண்ட ஜேம்ஸ் மார்ஷ், பாஷாணத்தின் மிகச் சிறு அளவையும் காட்டிக்கொடுக்கும் முறையை 1836ல் வெளியிட்டார். அதுவரை நீதிமன்றங்கள் அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்டன. அதன்பின் கோப்பையில் என்ன இருந்தது என்று கேட்கத் தொடங்கின. இலங்கையின் அண்மை அனுபவம் இதே பாடத்தைப் பெரிய அளவில் கற்பிக்கிறது. கடந்த அரை நூற்றாண்டில் மட்டக்களப்பு வயல்வெளிகள் உட்பட இத்தீவின் கமப்பகுதிகளில் நஞ்சு மிகக் கூடுதலான உயிர்களைக் கொண்டுபோனது பிறர் கையால் இல்லை. மனமுடைந்தவர்களின் சொந்தக் கையால். தற்கொலை வீதம் 1995ல் உச்சத்தில் நின்றது. கடும் நஞ்சான பூச்சிநாசினிகள் 1995லும், 1998லும், பின்னர் 2008க்கும் 2011க்கும் இடையிலும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. வீதம் பின்னர் அந்த உச்சத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. யாரையும் மந்திரவாதி என்று பிடித்ததால் இது நடக்கவில்லை. போத்தலுக்குள் இருப்பது என்ன என்று பார்த்ததால் நடந்தது.

பழைய பேச்சைக் கிளறுவானேன், இன்று அதை யார் நம்புகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஆரையம்பதிக்குத் தெற்கே இருக்கும் அம்பாறை பதில் சொல்லும். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அங்கே முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் சிங்களவருக்குப் பரிமாறும் உணவில் மலட்டு மாத்திரை கலப்பதாக ஒரு கூட்டம் கிளம்பியது. சிங்களம் சரிவரப் புரியாத கடைக்காரர் மிரட்டலுக்கு நடுவே தலையாட்டியதைப் படம் பிடித்துக் குற்ற ஒப்புதல் என்று பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன. ஒரு வாரம் கழித்துக் கண்டிக்கு அருகே திகனவில் இன்னும் பெரிய தீ எரிந்தது. நிலையாக மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகத்தில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சோறு, மருந்து, பிள்ளைப்பேறு, பக்கத்து இனத்தவன் என்று அதே பழைய உறுப்புகளே இங்கும். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கறியில் கிடந்த வெள்ளைக் கட்டியை அரச பகுப்பாய்வாளர் சோதித்தார். அது மா.